ஐந்தாவது சிவப்புத் துணி

ஒருபிடி அண்ணனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம். ஆனால் அவர் கதையை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவருடைய மனைவி. அந்த அம்மாவுக்குத் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே நேரம் இல்லை, உட்கார்ந்து எழுதவா போகிறார். இன்னொருத்தி நான்.

எங்கள் தொழிற்சாலையில் கோழிப்பண்ணைக் கழிவையும் மரத்தூளையும் கலந்து எண்ணெய் எடுக்கிறோம். கேட்டவுடன் எல்லாரும் சிரிப்பார்கள். என் மாமியார் ஒரு வாரம் சிரித்தார். விஷயம் எளிதுதான். சூடாக்கும்போது காற்று பட்டால் எதுவும் எரிந்து சாம்பலாகிவிடும். காற்றே புகாத உலைக்குள் போட்டு ஐந்நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் எரியாது, ஆவியாகும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் புகையும் வினிகரும் கலந்த வாடையோடு கறுப்பாக எண்ணெய் சொட்டும். உலையில் மிஞ்சுவது கரி. இதற்குப் பைராலிசிஸ் என்று பெயர். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்பது இதில் கிடைக்கிற உபரி லாபம். எங்கள் ஆட்களுக்கு எப்போதும் ஜன்னலோர இடம்தான்.

எனக்கு அங்கே பரிசோதனை அறை. ஒரு தராசு, ஒரு மின்சார ஓவன், ஒரு மேஜை, ஒரு ரெஜிஸ்டர், நான். அவ்வளவுதான் அறை. வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் ஒருபிடி அண்ணன் என்னை ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். காலையில் வந்ததும் எருக் குவியலைக் காட்டி, “டாக்டரம்மா, இன்னிக்கு நோயாளிக்கு எப்படி இருக்கு?” என்பார். நான் முறைப்பேன். எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம்.

அவர் பதினேழு வயதில் மரம் இழைக்கும் பட்டறையில் சேர்ந்தவர். இருபத்திரண்டு வருஷம் அங்கே. இடது கைச் சுண்டுவிரலில் பாதியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, பட்டறை மூடியதும் கோழிப்பண்ணையில் கொட்டகை கூட்டும் வேலைக்குப் போனார். அது பதினொரு வருஷம். ஆக, எங்கள் உலை வந்தபோது அதற்குள் போகிற இரண்டு சரக்கையும் கையால் அறிந்த ஆள் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். கோழி எருவை மட்டும் போட்டால் சாம்பல் அதிகம், எண்ணெய் கூழாக வரும். மரத்தூள் சேர்த்தால்தான் சரிப்படும். “மரம் மாப்பிள்ளை, எரு பொண்ணு. நான் ரெண்டு வீட்டுலயும் சோறு தின்னவன், எனக்குத் தெரியாம கல்யாணம் நடக்காது,” என்பார்.

அவர் வேலை காயவைப்பது. பண்ணையிலிருந்து வரும் எரு ஈரமாக, கண்ணைக் கரிக்கும் நெடியோடு வரும். அதைச் சிமெண்டு களத்தில் பரப்பி, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். நூறு பங்குக்குப் பத்துப் பங்குக்குமேல் ஈரம் இருந்தால் உலைக்குள் விடக் கூடாது. விட்டால் ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து வந்து எண்ணெயைக் கெடுத்துவிடும். இந்த ஈரத்தை அவர் ஒரு பிடி அள்ளி, இறுக்கி, கையைத் திறந்து ஊதிப் பார்த்துச் சொல்வார். அதனால்தான் அந்தப் பெயர். நான் அதே சரக்கைக் கிண்ணத்தில் எடுத்து, நிறுத்து, இரவு முழுக்க ஓவனில் வைத்து, காலையில் மறுபடி நிறுத்து, கணக்குப் போட்டுச் சொல்வேன். இரண்டுக்கும் அதிகமாகப் போனால் ஒன்று வித்தியாசம் இருக்கும். பல நாள் அதுவும் இருக்காது. அது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. படித்துவிட்டு வந்தவளுக்கு இருக்காதா?

களத்தில் ஐந்து குவியல். ஐந்து குச்சி, ஐந்து சிவப்புத் துணி. துணி பறந்தால் அந்தக் குவியல் இன்னும் பச்சை, தொடக் கூடாது. துணி இல்லையென்றால் காய்ந்துவிட்டது, உலைக்குப் போகலாம். ஏற்றும் ஆட்கள் மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், பலகையில் எழுதினால் பாதிப் பேர் படிக்கமாட்டார்கள் என்று இவர்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார். மனைவியின் பழைய பாவாடை ஒன்றைக் கிழித்து ஓரம் அடித்து வாங்கி வந்தது. அந்தத் துணியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் மட்டும்தான். முதலாளிகூடத் தொடமாட்டார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார், தபால்காரர். ஊரில் எல்லார் வீட்டுக் கதவும் தெரிந்தவர், கடைசியில் தன் வீட்டுக் கதவு எது என்று தெரியாமல் தெருவில் நின்றார். நான்கு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பார்த்துக்கொண்டது இவர்தான். டீ குடிக்கும்போது அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

“முதல்ல சாவி தொலைஞ்சது, டாக்டரம்மா. அப்புறம் சாவி எதுக்குங்கறதே தொலைஞ்சுபோச்சு. அப்புறம் என்னையே தொலைச்சுட்டாரு.”

ஒரு நாள் சிரிக்காமல் சொன்னார். “ஒரே ரத்தம்தானே. எனக்கும் வரலாம். வந்தா வீட்டுல சொல்லமாட்டா, அழுவா. நீங்க பட்டுனு பேசறவங்க. நான் எதையாவது மறக்கறேன்னு தெரிஞ்சா நீங்கதான் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்.”

“அதுக்கென்ன, முதல் ஆளா சொல்லிடறேன்,” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை எனக்கு நேரம் சரியில்லை என்று சொன்னால் அது பொய். புத்திதான் சரியில்லை. கரியின் சாம்பல் கணக்கில் ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றி எழுதிவிட்டேன் என்று முதலாளி எல்லார் முன்னாலும் என்னைக் கடிந்துகொண்டார். அவர் கோபித்தது நியாயம்தான். மறுநாள் ஒரு சாயப்பட்டறையின் பாய்லர்காரர் எங்கள் எண்ணெயை எரித்துப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் தொழிற்சாலை தலைநிமிரும். அந்தப் பதற்றம் முதலாளிக்கு. எனக்கு முகம் சிவந்து, அன்று முழுக்க யார் என்ன சொன்னாலும் கடித்தேன்.

சாயங்காலம் ஒருபிடி அண்ணன் டப்பாவில் மாதிரி கொண்டுவந்தார். அவர் அறைக்குள் வரமாட்டார், காலில் தூசி என்று வாசலிலேயே நின்று நீட்டுவார்.

“மூணாம் குவியல். வயித்துக்குள்ளேருந்து எடுத்தது. பாக்கவே வேணாம், டாக்டரம்மா. இன்னும் ரெண்டு வெயில் வேணும். நாளைக்கு வர்றவரை ரெண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்க.”

“பாக்கணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன், அண்ணே. நீங்க குடுத்துட்டுப் போங்க.”

“சரி சரி. ஓவனைவிட டாக்டரம்மா சூடா இருக்காங்க,” என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

நிறுத்தேன். கிண்ணத்தை ஓவனில் வைத்தேன். கதவை மூடினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சுவிட்சைப் போடவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு ஓவன் கதவைத் திறந்தால் உள்ளே சில்லென்று இருந்தது. கிண்ணத்தைத் தொட்ட என் விரலும் சில்லிட்டது. என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் முதலாளி வாசலில் வந்து நின்றார். ஒன்றும் இரண்டும் முந்தின வாரமே உலைக்குப் போய்விட்டன. நான்கும் ஐந்தும் நேற்று வந்து இறங்கியவை. இருந்தது மூன்றுதான்.

“மூணாம் குவியல் எவ்வளவு?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘சுவிட்ச் போட மறந்துட்டேன் சார்.’ நான்கு சொல். அந்த நான்கு சொல்லைச் சொன்னால் இரண்டாவது நாளும் எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டும். அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“ஒன்பது,” என்றேன். ரெஜிஸ்டரிலும் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

முதலாளி போனபின் ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்றாம் குவியல் உச்சியில் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. துணி இருக்கும்வரை ஏற்றும் ஆட்கள் கை வைக்கமாட்டார்கள், ஏன் என்று கேட்பார்கள். ஒருபிடி அண்ணன் அந்தக் கோடியில் வாயிற்கதவருகே லாரியிலிருந்து எரு இறக்கிக்கொண்டிருந்தார். நான் விறுவிறு என்று போய்த் துணியை அவிழ்த்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மரத்தூள்தான் காய்ந்திருக்கிறதே, கலந்துவிட்டால் என்ன தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். அதுவும் நான் படித்தவள், எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவள்.

லாரி வேலை முடிந்து அவர் வந்தபோது குவியலில் பாதி உள்ளே போய்விட்டது. வெறும் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“துணியை யார் எடுத்தது?” என்று ஏற்றுகிறவனைக் கேட்டார்.

“நீங்கதானே எடுப்பீங்க, வேற யாரு எடுப்பா?”

அவர் தன் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். கையை விரித்துப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவளுக்கு.

பதினொரு மணிக்குப் பாய்லர்காரர் வந்தார். உலையிலிருந்து எண்ணெய் பிடித்த பீப்பாயில் மேலே தேநீர் நிறத்தில் தண்ணீர், கீழே தார். கலக்கிக் கலக்கிப் பர்னருக்கு ஏற்றினார்கள். பிடித்தது, துப்பியது, அணைந்தது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. பாய்லர்காரர் பீப்பாயில் விரலை விட்டு, மோந்து பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“தண்ணியைக் கொளுத்தவா என்னை இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?” என்றார். டீகூடக் குடிக்காமல் வண்டியில் ஏறினார்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெஜிஸ்டரை எடுத்துவரச் சொல்லி, களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, “ஒன்பதுன்னு எழுதியிருக்கு. இது எப்படி?” என்றார்.

“அவர் டப்பாவுல குடுத்த மாதிரிதான் சார்,” என்றேன். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படி யோசித்து யோசித்துச் சொன்னேன்.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். “துணியும் இல்லையே, அண்ணே. நீங்க எடுத்தீங்களா?”

அவர் மறுபடி சட்டைப் பையைத் தடவினார். “நான்தான் எடுத்திருப்பேன் சார். வேற யாரும் தொடமாட்டாங்களே. குவியலையும் மாத்திக் குடுத்திருப்பேன் போல.” தலையைச் சொறிந்துகொண்டார். “நினைவு இல்லை சார்.”

மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் இருந்தது பயம். அதற்கு முன் அவர் முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. நேத்து டப்பாவைக் குடுக்கும்போது, இன்னும் ரெண்டு வெயில் வேணும்னு சொன்னேனா இல்லையா? சொன்ன மாதிரியே இருக்கு எனக்கு. சொல்லலைன்னா... அது வேற விஷயமாயிடும்.”

அது என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். சாவி, தபால்காரர், எல்லாம் தெரியும். மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

“இல்லையே அண்ணே,” என்றேன். “சொன்ன மாதிரி தெரியலையே.”

அவர் தலையை ஆட்டினார். “சரி. அப்போ சொல்லலை.” போக எத்தனித்தவர் நின்று, “மன்னிச்சுக்குங்க, டாக்டரம்மா. என்னால உங்களுக்கும் கெட்ட பேரு,” என்றார்.

“பரவாயில்லை அண்ணே,” என்றேன் நான். அவரை மன்னித்து அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்று இரவு எனக்கு ஒன்றும் குறுகுறுக்கவில்லை. தப்பித்தோம் என்று நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் துணி துவைக்கும்போது கோட்டை எடுத்துவந்து காட்டினார். பை முழுக்க ரோஜா நிறத்தில் சாயம் இறங்கியிருந்தது. உள்ளே அந்தத் துணி. “இது என்ன, கொடியா?” என்றார். பிடுங்கிக்கொண்டு, வேலை இருந்தால் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் பாவம், வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒருபிடி அண்ணன் ஒரு பிடி அள்ளவில்லை. அள்ளினாலும் கையைத் திறந்து வெறுமனே பார்த்துவிட்டுக் கொட்டிவிடுவார். “ஓவன் என்ன சொல்லுது?” என்று கேட்பார். நான் எண்ணைச் சொன்னால், “நீங்க சொன்னா சரி,” என்பார். நோயாளி விசாரிப்பு நின்றுபோனது. ஐந்து துணிக்கு நான்குதான் இருந்தது. ஐந்தாவதைத் தார்ப்பாய்க்கு அடியில், லாரி ஷெட்டில், தன் சாப்பாட்டுப் பையில் தேடிக்கொண்டே இருந்தார். தினமும் ஒரு தடவையாவது தேடுவார். தேடுகிறவரைத் தாண்டித்தான் நான் டீ குடிக்கப் போவேன். அது அப்போதெல்லாம் என் மேஜை டிராயரில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவராகவே முதலாளியிடம் போய் நின்றார். “உலை பக்கத்துல வேலை பாக்கறவனுக்குத் தலை சரியா இருக்கணும் சார். எனக்குப் பயமா இருக்கு. யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா?” முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. போகும்போது என் அறை வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், சொல்லவில்லை. இத்தனை நாள் கழித்துச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் என்று ஒவ்வொரு நாளும் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டே போனேன்.

மேலும் மூன்று மாதம் ஆனது. மார்க்கெட் அருகே பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்து, “டாக்டரம்மா... சரிதானே?” என்றார். சரிபார்த்துக்கொள்கிறார். ஐந்து வருஷம் தினமும் பார்த்த முகத்தை. பிறகு அவராகவே சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டது. அவர் மனைவி கையெழுத்தில் வீட்டு முகவரி, போன் நம்பர், அடியில் ‘இவரைப் பார்த்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்’.

“அண்ணனுக்கு நான் எழுதி வெச்சேன். எனக்கு அவ எழுதி வெச்சிருக்கா,” என்றார். “இன்னும் ஒண்ணும் ஆகலை. ஆனா வந்தப்புறம் எழுத முடியாதுல்ல.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் ஏறவில்லை. அந்த அட்டையை எழுதியது அவர் மனைவி இல்லை, நான்தான் என்று தோன்றியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு டிராயரிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, முன்னால் தையல் மெஷின், பின்னால் சமையல் மேடை. அலமாரி, டப்பா எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. சர்க்கரை. உப்பு. மாத்திரை, இரவு. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வளைத்துப் பேசத் தெரியாது. துணியை அவர் மடியில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச், ஒன்பது, துணி, இரண்டு வெயில். அழாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று இருந்தேன். முடித்துவிட்டேன்.

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். ஓரத் தையலை விரலால் நெருடினார்.

“இது அஞ்சாவது,” என்றார்.

“ஆமா அண்ணே.”

“ரெண்டு வெயில் வேணும்னு சொன்னேன்.”

“சொன்னீங்க அண்ணே.”

“துணியை நான் எடுக்கலை.”

“எடுக்கலை.”

முன்னால் அந்த அம்மாவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோபித்திருந்தால், அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்த சேதி கேட்ட மாதிரி மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வா, இங்க வா. எனக்கு ஒண்ணும் இல்லையாம். கை சரியாத்தான் சொல்லியிருக்கு. மறக்கவே இல்லையாம் நான்.”

அந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“போன மாசத்துலேருந்து நான் கடைக்குப் போகும்போது இவரை உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுப் போறேன். எங்கயாவது போயிடுவாரோன்னு. பூட்டும்போது ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருப்பாரு. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு.” துணியை எடுத்து மடித்தார். “நீங்க வந்து சொல்லிட்டீங்க. நான் பூட்டினதை எங்க போய்ச் சொல்றது?”

  அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அந்த அம்மா அலமாரிக்குள் வைத்தார். கிழிக்கவில்லை.

மறுநாள் டீ நேரத்தில் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். எந்த இடத்தில் அவரை நிற்கவைத்தார்களோ அதே இடத்தில் நின்று சொன்னேன். ரெஜிஸ்டரில் அந்தத் தேதியில் ‘ஒன்பது’ என்பதை அடித்து, ‘சோதிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஏற்றுகிற ஆட்களில் ஒருவன் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். முதலாளி ரெஜிஸ்டரை வாங்கி மூடினார்.

“உங்களை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கறேன்,” என்றார். “முதல்ல போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் வந்து கூப்பிட்டா சரியா இருக்காது. நீங்க போகணும்.”

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். டப்பாக்களில் இருந்த சீட்டுகளை எல்லாம் காணோம், பசை அடையாளம் மட்டும் இருந்தது. அவர் சவரம் செய்து, தலை சீவி, பளிச்சென்று இருந்தார். “வாங்க டாக்டரம்மா,” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், பழைய இடம் அப்படியே இருக்கிறது, எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டது, முதலாளியே சொல்லி அனுப்பினார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். வலது கையை மடியில் திறந்து வைத்து, மூடி, மறுபடி திறந்தார்.

“எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை. நம்புங்க. அன்னிக்கு நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம், எல்லாரும் சொல்லமாட்டாங்க. ஆனா அங்க வரமாட்டேன், டாக்டரம்மா.”

“ஏன் அண்ணே? உங்க கையை இனிமே யாரும் சந்தேகப்படமாட்டாங்க.”

“கை மேல எனக்கு நம்பிக்கை திரும்பி வந்துடுச்சு. உங்க மேல வரலை. நானும் மூணு நாளா முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், வரலை.” இதைச் சொல்வதற்கு அவருக்குத்தான் சங்கடமாக இருந்தது. “நான் காயவைக்கணும், நீங்க பாத்துச் சொல்லணும். அந்த வேலைக்கு ரெண்டு நம்பிக்கையும் வேணும்ல.”

நான் எழுந்தேன். சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்ற அந்த அம்மா கடைசிவரை திரும்பவில்லை.

எனக்கு வழி தெரியும் என்றாலும் பஸ் ஸ்டாப் வரை அவர் கூடவே வந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு கதவு செய்கிற பட்டறையில் மரத்தின் ஈரம் பார்க்க ஆள் கேட்டிருக்கிறார்கள், போகலாமா என்று யோசிக்கிறேன் என்றார். போங்க அண்ணே என்றேன். எந்த பஸ், எங்கே இறங்கி மாற வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் சரி சரி என்றேன். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். வெகுதூரம் போனபிறகுதான் அது வேறு பஸ் என்று கண்டக்டர் சொன்னார்.